நாள்தோறும் நீளும் மழை ஃபைல்: அக்கா சொல்லும் டிப்ஸ்

தங்கச்சி, கிருஷ்ணன்கோவிலிலோ ராஜபாளையத்திலோ படித்துக்கொண்டு, புராஜெக்டுக்கு நம் பக்கத்து மழைக் கணக்கை எடுத்திருக்கிறாயா? இது உனக்குத்தான். ஆலங்குளம் சுற்றுவட்டாரத்தில் மானாவாரி வெள்ளாமை பார்க்கிறவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் எல்லாம். அந்த மழையை வருடக்கணக்கில் சேர்த்து வைக்கிற ஃபைல் தப்பாகிவிட்டால், அதன் மேல் நீ போடுகிற கோடும் படமும் எதற்கும் உதவாது. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஃபைலை ஒழுங்காக எழுதுவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

வானிலை, கடல், காலநிலை என்று எந்தப் பக்கம் போனாலும் நெட்சிடிஎஃப் ஃபைல்தான் கைக்கு வரும். அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள யூனிடேட்டா என்ற அமைப்பு 1980களின் கடைசியில் இதை உருவாக்கியது. புனேயிலிருந்து வரும் மழைத் தரவும், ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் தரும் ஆர்கோ மிதவைகளின் கடல் அளவுகளும் இந்த வடிவத்தில் கிடைக்கின்றன. இதில் ஒவ்வொரு வேரியபிளுக்கும் டைமென்ஷன் உண்டு: நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை. ஃபைலை உருவாக்கும்போதே ஒவ்வொன்றின் நீளத்தையும் சொல்லிவிட வேண்டும். எந்தப் பக்கம் எவ்வளவு நீளும் என்று தெரியாதோ, அதை அன்லிமிடெட் என்று விட்டுவிடலாம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியைப் பார்த்திருப்பாய். அகலம் தறி பூட்டும்போதே முடிவாகிவிடும்; நீளம் நெய்ய நெய்ய வரும். மழைக் கட்டங்களின் எண்ணிக்கை அந்த அகலம், நாட்கள் அந்த நீளம்.

முதல் டிப்ஸ் இதிலிருந்தே வருகிறது. உண்மையிலேயே வளர்கிற பக்கத்தை மட்டும் அன்லிமிடெட் என்று திறந்து வை. 2008இல் வந்த நெட்சிடிஎஃப்-4, எச்டிஎஃப்5-இன் மேல் கட்டப்பட்டது. அதில் எத்தனை டைமென்ஷனை வேண்டுமானாலும் அன்லிமிடெட் ஆக்கலாம். பழைய கிளாசிக் வடிவத்தில் ஒன்றுக்குத்தான் அனுமதி. அதுவும் வரிசையில் முதலாவதாக நிற்க வேண்டும். புதியதில் தடையில்லை என்பதற்காக, 'பின்னால் தேவைப்பட்டால் இருக்கட்டும்' என்று அட்சரேகையையும் நிலையங்களையும் திறந்துவிடாதே. டைமென்ஷனின் நீளம் நிலையானது என்றால், எல்லை தாண்டி எழுதப் பார்த்த உடனே பிழைச் செய்தி வந்து உன்னை நிறுத்தும். அன்லிமிடெட் என்றால் அந்தக் காவல் கிடையாது. 500ஆவது இடத்தில் எழுத வேண்டியதை 5000ஆவது இடத்தில் எழுதினாலும் ஃபைல் சத்தமில்லாமல் நீண்டுவிடும். நடுவில் உள்ள இடமெல்லாம், 'இங்கே தரவு இல்லை' என்று குறிக்கும் ஃபில் மதிப்பால் நிரம்பியதாகக் காட்டும். நீண்டதை அந்த ஃபைலிலேயே சுருக்க வழி இல்லை. வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி இன்னொரு ஃபைலாக எழுதத்தான் வேண்டும். என்சிஓ தொகுப்பில் உள்ள என்சிகேஎஸ் அதைச் செய்யும்.

நேரம் எப்போதும் முதல் டைமென்ஷனாக இருக்கட்டும். புதிய வடிவம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் பல கருவிகள் அதைத்தான் எதிர்பார்க்கின்றன. நீ ஃபோர்ட்ரானில் எழுதுகிறவளாக இருந்தால் அங்கே வரிசை தலைகீழ். நேரம் கடைசியாக வரும், ஃபைலில் முதலாவதாகப் பதியும்.

இனி கையில் உள்ள தரவுக்கு வருவோம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகம் 1901 முதல் நாள்வாரி மழையை 0.25 டிகிரி கட்டங்களாகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு ஃபைலாகத் தருகிறது. அட்சரேகை 6.5 முதல் 38.5 வரை 129 புள்ளிகள், தீர்க்கரேகை 66.5 முதல் 100 வரை 135 புள்ளிகள். ஒரு நாளுக்கு 17,415 எண்கள். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அட்சரேகையில் 12, தீர்க்கரேகையில் 44 என்ற இடம் 9.5, 77.5 ஆகும். அதுதான் ராஜபாளையத்தை ஒட்டிய புள்ளி. ஆலங்குளத்துக்கு அதன் தென்கிழக்கில் உள்ள 9.25, 77.75 புள்ளியையும் சேர்த்துப் பார். ஒரு கட்டம் ஏறக்குறைய 27 கிலோமீட்டர் அகலம். மேற்கே மலையும் கிழக்கே கரிசலும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும் என்பதை மறக்காதே. இன்னொன்று: தென்காசி மாவட்டத்திலும் ஒரு ஆலங்குளம் இருக்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் எழுதி விட்டுவிடாமல், நிலையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, மாவட்டம் மூன்றையும் ஃபைலுக்குள்ளேயே பண்புகளாக எழுதி வை. நாளைக்கு உன் ஃபைலைத் திறக்கிற ஜூனியர் உன்னிடம் கேட்க முடியாத இடத்தில் இருக்கலாம்.

வருட ஃபைல்களை ஒன்றாக்கும் முன், என்சிடம்ப் கருவியால் தலைப்பை மட்டும் பார். நேரத்துக்கு எதிரே அன்லிமிடெட் என்று இருக்கிறதா, இல்லை 365 என்று உறைந்திருக்கிறதா? உறைந்திருந்தால் என்சிஓவின் என்சிஆர்கேட் கருவி அதை ஒட்டாது. என்சிகேஎஸ் கருவியால் முதலில் நேரத்தைத் திறந்துவிட்டு, பிறகு ஒட்ட வேண்டும். ஹாம்பர்க்கின் மாக்ஸ் பிளாங்க் வானிலை நிறுவனத்தில் உருவான சிடிஓவும் இந்த வேலைக்கு நல்லது. ஒட்டி முடித்ததும் நீளத்தைச் சரிபார்த்துவிடு. 1901 முதல் 2023 வரை 123 வருடம், அதில் 30 லீப் வருடம், ஆக 44,925 நாட்கள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அடுத்த வேலைக்குப் போகாதே. எங்கோ ஒரு பிப்ரவரி 29 காணாமல் போயிருக்கும், அல்லது ஒரு வருடம் இரண்டு முறை ஒட்டியிருக்கும்.

நேரத்தின் அலகில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 'இன்ன தேதியிலிருந்து இத்தனை நாள்' என்பதுதான் ஃபைலில் பதியும் நேரம். அந்தத் தொடக்கத் தேதியை நீ சொல்லாவிட்டால் எக்ஸ்அரே போன்ற பைதான் நூலகங்கள் தாங்களே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். பெரும்பாலும் அந்த ஃபைலின் முதல் தேதியை. 2022 ஃபைலில் 0 என்பது 2022 ஜனவரி 1. 2023 ஃபைலில் 0 என்பது 2023 ஜனவரி 1. இரண்டையும் அலகு பார்க்காத ஒரு நிரலால் வெறும் எண்களாக ஒட்டினால், எல்லா மழையும் ஒரே வருடத்தில் பெய்ததாக ஆகிவிடும். எல்லா ஃபைலுக்கும் 1901 ஜனவரி 1 என்று ஒரே தொடக்கம் வை. நாட்காட்டியின் பெயரையும் எழுது. சில காலநிலை மாதிரிகள் லீப் நாளே இல்லாத நாட்காட்டியில் ஓடுகின்றன. வருடத்துக்கு 360 நாள் என்று வைத்திருப்பவையும் உண்டு.

மழை நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதில்லை. வானிலைத் துறை காலை 8.30க்கு அளந்து, முந்தைய 24 மணி நேர மழையை அந்தத் தேதியின் பெயரில் எழுதும். உலக நேரத்தில் அது 3 மணி. உன் தானியங்கி மழைமானியின் எண்களை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கூட்டி, வானிலைத் துறையின் எண்ணோடு ஒப்பிட்டால் மழை பெய்த பல நாட்களில் பொருந்தாது. 'கருவி சரியில்லை' என்று கருவியின் மேல் பழி போகும். ஒவ்வொரு பதிவுக்கும் தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டையும் தாங்கும் எல்லை வேரியபிள் ஒன்றை வைத்துவிடு. அதுவும் அதே நேர டைமென்ஷனிலேயே வளரட்டும்.

இனிச் சொல்வது தினமும் ஓடுகிற நிரலுக்கு. மிக முக்கியம், தங்கச்சி, நிதானமாகப் படி.

ஒரே அன்லிமிடெட் டைமென்ஷனைப் பல வேரியபிள்கள் பகிர்ந்துகொள்ளும். நேரம், மழை, வெப்பம், ஈரப்பதம் நான்கும் ஒரே நீளம். ஒன்றில் எழுதினால் மற்ற மூன்றும் கூடவே நீள்கின்றன. எழுதாத இடத்தைப் படித்தால் ஃபில் மதிப்பு வரும். பலர் பைதானில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? 'இப்போதைய நீளம் எவ்வளவு' என்று கேட்டு அந்த இடத்தில் நேரத்தை எழுதுகிறார்கள். அடுத்த வரியில் மறுபடி நீளத்தைக் கேட்டு மழையை எழுதுகிறார்கள். நேரத்தை எழுதியவுடனேயே நீளம் ஒன்று கூடிவிட்டதே! மழை அடுத்த இடத்தில் போய் விழும். பிழைச் செய்தி எதுவும் வராது. இடத்தின் எண்ணை முதலில் ஒரு மாறியில் பிடித்து வை. பிறகு அந்த ஒரே எண்ணால் எல்லா வேரியபிளையும் எழுது.

அதைவிடச் சிறந்த வழியும் இருக்கிறது, நாள்வாரித் தரவுக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்: நீளத்தைக் கேட்கவே கேட்காதே. தேதியிலிருந்தே இடத்தைக் கணக்கிடு. 1901 ஜனவரி 1 பூஜ்யம் என்றால் 2023 டிசம்பர் 18 என்பது 44,911. மின்சாரம் போய், நிரல் மறுபடி ஓடி, அதே நாளை இரண்டாம் முறை எழுதினாலும் அதே இடத்தில்தான் எழுதும். ஒரு தேதி இரண்டு முறை வராது. நடுவில் நான்கு நாள் தரவு வராவிட்டால் அந்த நான்கு இடமும் காலியாக நிற்கும். பிறகு வந்ததும் நிரப்பலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தக் காலி நாட்களுக்கும் நேர வேரியபிளை எழுதிவிடு. மழை காலியாக இருக்கலாம். நேரம் காலியாக இருந்தால், பெரும்பாலான கருவிகள் அந்த ஃபைலைத் திறக்கும்போதே திணறும்.

மழை பெய்யாத நாள் வேறு, அளக்காத நாள் வேறு. பெய்யாத நாளுக்கு 0, அளக்காத நாளுக்கு ஃபில் மதிப்பு. வானிலைத் துறையின் கட்டத் தரவில் நாட்டுக்கு வெளியே உள்ள புள்ளிகளுக்கு -999 இருக்கும். மறைக்காமல் சராசரி எடுத்தால் மழை எதிர்மறையாக வரும். வேரியபிளை உருவாக்கும் அந்த வரியிலேயே ஃபில் மதிப்பைச் சொல்லிவிடு. நெட்சிடிஎஃப்-4இல் தரவு எழுதிய பிறகு அதை மாற்ற விடாது.

இடத்தை மிச்சப்படுத்த, தசம எண்களைச் சிறிய முழு எண்களாகச் சுருக்கி எழுதுகிற வழக்கம் இருக்கிறது. 0.01 மில்லிமீட்டர் ஒரு படி என்று வைத்து 16 பிட்டில் எழுதினால், அதில் அடங்கும் அதிகபட்ச மழை 327.67 மில்லிமீட்டர். நம் ஊருக்கு இது தாராளம் என்று தோன்றும். 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்தது சுமார் 95 சென்டிமீட்டர், அதாவது 950 மில்லிமீட்டர். அந்த எண் இந்தப் பெட்டிக்குள் அடங்காது. சம்பந்தமில்லாத வேறொரு எண்ணாகப் பதிந்துவிடும். தென் மாவட்டங்களை முழுக்காட்டிய மழை உன் ஃபைலில் சாதாரணத் தூறலாகப் போய்விடக் கூடாது. 0.1 மில்லிமீட்டர் படி வை, 3276.7 வரை தாங்கும். அதே காரணத்துக்காக, '300க்கு மேல் எது வந்தாலும் பிழை' என்று கண்ணை மூடிக்கொண்டு வடிகட்டாதே.

அடுத்து சங்க், அதாவது துண்டு. எச்டிஎஃப்5 தரவைத் துண்டு துண்டாக வைக்கிறது. அன்லிமிடெட் டைமென்ஷன் இருந்தால் துண்டாக வைத்தே ஆக வேண்டும். அளவை நீ சொல்லாவிட்டால், பல டைமென்ஷன் உள்ள வேரியபிளில் அன்லிமிடெட் பக்கத்துக்கு 1 என்று அதுவே வைத்துக்கொள்ளும். மழைக் கட்டத்துக்கு ஒரு நாள் ஒரு துண்டு, 69,660 பைட், இது மோசமில்லை. ஆனால் பத்து மழைமானிகள் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதிகின்றன என்று வை. ஒரு துண்டில் பத்தே பத்து எண்கள், 40 பைட். வருடத்துக்கு 35,040 துண்டுகள். ஒவ்வொன்றும் எங்கே கிடக்கிறது என்ற குறிப்புக்கு வேறு இடம். ஃபைல் தரவைவிடப் பெரிதாக வீங்கும், படிக்க ஆமையாக நகரும். ஒரு நாளுக்கு 96 பதிவுகள் என்பதால் சங்க் அளவை 96 என்று வை. எழுதுவதையும் நாளுக்கு ஒருமுறை 96ஐயும் சேர்த்து எழுது. கம்ப்ரஷன் போட்டிருந்தால் இது இன்னும் முக்கியம். ஃபைலை ஒவ்வொரு முறையும் திறந்து ஒரு பதிவு எழுதி மூடினால், அந்தத் துண்டு முழுதும் பிரிக்கப்பட்டு மறுபடி சுருக்கப்படும். பழைய துண்டு கிடந்த இடம் பல நேரம் வீணாகும்.

தரவு எடுத்து முடிந்ததும் கேள்வி மாறுகிறது. ராஜபாளையத்துப் புள்ளியின் ஒரு வருட மழை வேண்டும் என்றால், நாளுக்கொரு துண்டு ஃபைலில் 365 துண்டுகளைத் திறக்க வேண்டும். அதையே என்சிகாப்பி என்ற கருவியால் 366 நாள், 13 அட்சரேகை, 15 தீர்க்கரேகை கொண்ட துண்டுகளாக மாற்றி எழுதி வைத்தால் ஒன்றிரண்டு துண்டுகளே போதும். ஆனால் ஒரு நாளின் முழு இந்திய வரைபடம் வேண்டுமென்றால் இதே ஃபைலில் 90 துண்டுகளைத் திறக்க வேண்டும், ஏறக்குறைய வருடம் முழுவதையும் படித்த மாதிரி. இரண்டுக்கும் பொதுவான ஒரு நல்ல அளவைத் தேடி நேரத்தைக் கரைக்காதே. வட்டில் இடம் மலிவு, இரண்டு பிரதி வைத்துக்கொள்.

நிலையங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில் தொடங்கி வெவ்வேறு வேகத்தில் பதிகின்றனவா? நிலையம், நேரம் இரண்டையும் அன்லிமிடெட் ஆக்கி ஒரு பெரிய சதுரம் போடாதே. அதில் பாதி ஃபில் மதிப்பாகத்தான் கிடக்கும். 'பதிவு' என்று ஒரே ஒரு அன்லிமிடெட் டைமென்ஷன் வை. ஒவ்வொரு பதிவிலும் நேரம், அளவு, எந்த நிலையம் என்ற எண் மூன்றையும் எழுது. காலநிலைத் தரவு ஃபைல்களுக்கான சிஎஃப் மரபு இந்த அமைப்பை முறைப்படி ஏற்கிறது.

மின்வெட்டு நம் பக்கத்துக்குப் புதிதல்ல. எழுதுவதற்காகத் திறந்து வைத்த எச்டிஎஃப்5 ஃபைல், நடுவில் மின்சாரம் போனால் திறக்கவே முடியாமல் போகலாம். கிளாசிக் வடிவத்தில் பதிவுகளின் எண்ணிக்கை தலைப்பில் இருக்கும். அது புதுப்பிக்கப்படும் முன் நிரல் நின்றால், எழுதிய பதிவுகள் இருந்தும் இல்லாததாகத் தெரியும். அதனால் திற, எழுது, மூடு. மூட முடியாத நிலை என்றால் ஒவ்வொரு முறை எழுதிய பிறகும் சிங்க் செய், அதாவது எழுதியதை வட்டுக்கு அனுப்பிவிடு. ஒரு பெரிய ஃபைலை வருடம் முழுக்கத் தொட்டுக்கொண்டே இருப்பதைவிட, நாளுக்கோ மாதத்துக்கோ ஒரு சிறிய ஃபைல் எழுதி, பிறகு என்சிஆர்கேட்டால் ஒட்டுவதுதான் எனக்கு நம்பிக்கையான வழி. கெட்டால் ஒரு நாள்தான் கெடும். எக்ஸ்அரே பயன்படுத்துகிறாய் என்றால் இதைக் கேட்டுக்கொள்: அது நெட்சிடிஎஃப் எழுதும்போது 'சேர்' முறை, இருக்கிற வேரியபிளின் வாலில் நாட்களை ஒட்டாது, அதே பெயரில் உள்ள வேரியபிளின் மேலேயே எழுதும். வாலில் ஒட்டும் வசதி, அது எழுதும் சார் (Zarr) என்ற வேறொரு வடிவத்துக்குத்தான் உண்டு.

யாருக்காவது கொடுக்கப் போகிறாயா? வளர்ந்து முடிந்த ஃபைலை அன்லிமிடெட்டாகவே விட்டுக் கொடுக்காதே. என்சிகாப்பியில் யு என்ற விருப்பத்தைப் போட்டால் அது நிலையான நீளமாக மாறிவிடும். வாங்குகிறவர் கைதவறி நீட்ட முடியாது. வருடா வருடம் புதிய தரவைச் சேர்க்கப் போகிற உன் சொந்தப் பிரதி மட்டும் திறந்தபடி இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டத் தரவு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் 27 கிலோமீட்டரின் சராசரிதான். ஆலங்குளத்துக் கண்மாயை நிரப்பிய மழை அதில் தனியாகத் தெரியாது. மழைமானி வைத்திருக்கிற பள்ளிக்கூடம், தோட்டம், ஆலை, தினமும் எழுதி வைக்கிற ஒரு பெரியவர் என்று உன் ஊரில் யாரிடமாவது பழைய மழை நோட்டு இருக்கும். கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு, நோட்டைப் பத்திரமாகத் திருப்பிக் கொடு. இந்த விடுமுறைக்குள் அந்த எண்களை நாள் தவறாமல், அளக்காத நாளைக் காலியாகவே விட்டு, ஒரு ஃபைலாக எழுதி முடித்துவிடு.